கும்பகோணத்தில் பால், தயிர், நெய் இல்லாத ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை: சாப்பிட்டவர்கள் வந்து சொல்லுங்கள்

மேலக்காவேரி:
கும்பகோணத்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடக்கிறது, முழுக்க வீகன். கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் எதுவும் அந்தச் சமையல்கட்டுக்குள் வராது. கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள், உதவிக்கு இரண்டு பெண்கள், நான்கு மேசை, மதியம் சாப்பாடு, சாயங்காலம் டிபன். இதை இங்கே எழுதக் காரணம் மதியத்தில் அங்கே நான் பார்க்கிற காட்சிதான். ஆட்கள் உள்ளே வருகிறார்கள், கை கழுவுகிறார்கள், "தயிர் உண்டா?" என்று கேட்கிறார்கள், மாட்டுத் தயிர் கிடையாது என்று தெரிந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். இலையில் என்ன விழப்போகிறது என்று பார்க்கக்கூட நிற்பதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

என்ன விழுகிறது என்று நான் சொல்கிறேன். வாழைப்பூ பருப்பு உசிலி, அன்று கிடைத்த கீரையில் ஒரு மசியல், பாசிப்பருப்பு, அதன் தலையில் நெய்க்குப் பதில் செக்கு நல்லெண்ணெய். சாம்பார் அரைத்துவிட்டது, தனியாவும் கடலைப்பருப்பும் மிளகாயும் தேங்காயும் அன்றன்றைக்கு வறுத்து அரைக்கிறார்கள், வாசனை தெருமுனை வரைக்கும் வரும். பிறகு சுண்டைக்காய் வத்தக்குழம்பு, மிளகு ரசம், கடைசியில் வேர்க்கடலைத் தயிர். சாயங்காலம் இட்லிக்குக் கடப்பா, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்த விழுதும் சேர்ந்து சரியான பதத்தில் இருக்கும். குறையும் சொல்லிவிடுகிறேன். ரசத்துக்கு நெய்யில் தாளிக்காதது நாக்குக்குத் தெரிகிறது. மற்ற எதிலும் எனக்குத் தெரியவில்லை.

இதில் வேர்க்கடலைத் தயிரைத் தவிரப் புதிது என்று எதைச் சொல்வது? உசிலி, வத்தக்குழம்பு, கூட்டு, புளியோதரை, எள் சாதம், கொத்சு எல்லாம் நம் வீடுகளில் பால் படாமல் சமைத்ததுதான். நம் பந்தியில் பால் எந்த இடத்தில் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் பருப்புக்கு நெய், கடைசியில் பாயசமும் தயிரும், அப்புறம் காபி. நடுவில் மோர்க்குழம்பு, தயிர்ப் பச்சடி மாதிரிச் சிலதை விட்டால் மற்றதெல்லாம் நெல், பருப்பு, தேங்காய், எள், புளி. வெளிநாட்டுப் பழக்கம் நம் ஊருக்கு எதற்கு என்று இந்தக் கடையை ஒதுக்குகிறவர்கள் முதலில் ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மலைக்கோட்டை_மாணவி:
அண்ணே, நான் திருச்சியில் படிக்கிறேன், வீகனாகச் சாப்பிடுகிறேன். இப்படி ஒரு கடை கும்பகோணத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி. சைவ ஓட்டலில் எங்களுக்கு என்ன கஷ்டம் என்று பலருக்குத் தெரியாது. ரவா தோசை மாவில் மோர் விடுகிற கடைகள் உண்டு. பொங்கலைக் கேட்கவே வேண்டாம். தோசைக்கு எண்ணெய்தான் ஊற்றுவோம் என்பார்கள், மேலே நெய்க் கரண்டியால் ஒரு சுற்று சுற்றிவிடுவார்கள், திருப்பி அனுப்பினால் பாவம் அந்த மாஸ்டருக்குக் கோபம் வரும். மோர் மிளகாய் மோரில் ஊறியது. வடாமில்கூட எலுமிச்சைக்குப் பதில் புளித்த மோர் விட்டுப் பிழிகிறவர்கள் இருக்கிறார்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள், அந்தப் புள்ளி பாலையும் தேனையும் அனுமதிக்கிறது. வீகன் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தனி விதிகள் கொண்டுவந்து தனி முத்திரையும் வைத்திருக்கிறது, ஆனால் நம் ஊர்ப் பெட்டிக்கடையில் அந்த முத்திரை உள்ள பிஸ்கட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால் பின்பக்கம் திருப்பி, பால் பொருள் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

ஒரு கடைக்குள் போய் எதையும் விசாரிக்காமல் இலையில் விழுவதை அப்படியே சாப்பிட முடிவது எவ்வளவு நிம்மதி தெரியுமா? அந்தக் கடையில் மோர் மிளகாய்க்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள் அண்ணே.

பாபநாசம்_பெரியவர்:
எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. தயிர் சாதம் இல்லாமல் எழுந்தால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. வயிறு நிறைந்திருக்கும், மனது நிறையாது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் கொள்கை அவருக்கு. ஆனால் கடலையில் தயிர் என்பது எப்படி? தோய்கிறதா, இல்லை புளியைக் கரைத்து விடுகிறார்களா?

மேலக்காவேரி:
ஐயா, நிஜமாகவே தோய்கிறது. கடையில் சமைக்கிற அக்காவிடம் கேட்டு, பிறகு எங்கள் வீட்டிலும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பச்சை வேர்க்கடலையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தோலைக் கசக்கி எடுத்துவிட்டு, தண்ணீர் விட்டு நைசாக அரைத்து, துணியில் பிழிந்தால் பால் வரும். அதை அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும், சட்டென்று பொங்கும், கையை எடுத்தால் அடியும் பிடிக்கும். இறக்கி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் நாலைந்து பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைத்துவிட வேண்டும். காம்பில் இருக்கிற நுண்ணுயிர்தான் உறை. நம் ஊர்ச் சூட்டில் எட்டு மணி நேரம், மார்கழியில் இன்னும் கூடுதலாக. முதல் தடவை புளிப்பு லேசாகத்தான் இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவைக்கு உறையாகப் போட்டால் கெட்டியாகவும் புளிப்பாகவும் வரும். இன்னும் கெட்டி வேண்டுமென்றால் அரைக்கும்போதே ஒரு பிடி சாதத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். பிழிந்த சக்கையையும் எறிவதில்லை, சாயங்கால அடை மாவில் போகிறது.

மாட்டுத் தயிர் மாதிரியே இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், கடலை வாசம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதற்குத்தான் இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், கடுகு எல்லாம். சாதத்தைக் குழைய வடித்து, இதைப் பிசைந்து, எலுமிச்சை ஊறுகாயோடு சாப்பிட்டால் நீங்கள் சொல்கிற அந்த நிறைவு வருகிறது ஐயா, எனக்கு வந்தது. நாம் கடைசியில் தேடுவது புளிப்பும் குளிர்ச்சியும்தானே, அது இரண்டும் இதில் இருக்கிறது. இன்னொன்று, காலை எட்டு மணிக்குப் போனால் அங்கே பழைய சோறும் கிடைக்கும். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு தானாகவே புளிக்கும், மோரே தேவையில்லை. நீராகாரமும் சின்ன வெங்காயமும் சுட்ட வத்தலும். வயலுக்குப் போகிறவர்கள் அதற்கென்றே வருகிறார்கள்.

மாணவிக்கு: மிளகாயைக் கீறி, உப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டு ஊறவைத்துக் காயவைக்கிறார்களாம். காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், எனக்குப் பிடித்திருக்கிறது.

வலங்கைமான்_கொட்டகை:
எல்லாரும் தயிரைப் பற்றிப் பேசுகிறீர்கள், தயிருக்குப் பின்னால் இருக்கிற வீட்டைப் பற்றியும் ஒருவர் பேச வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் மூன்று மாடு. எங்கள் தெருவில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீடுகளில் ஒரு மாடாவது நிற்கும், அதைப் பார்ப்பது பெரும்பாலும் பெண்கள். டெல்டா என்றால் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பதுதான் முறை, 2012 முதல் 2019 வரைக்கும் ஒரு வருடம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. குறுவை நெல் போனது, நடவு வேலை போனது, களையெடுப்பு வேலை போனது. அந்த வருடங்களில் பள்ளிக்கூடத்துக்கு நோட்டு வாங்கினதும் ஆஸ்பத்திரிக்குப் போனதும் பால் சொசைட்டிக் காசில்தான். மாடு எங்கள் வீட்டில் ஒரு ஆள். அதற்கு உடம்பு சரியில்லை என்றால் என் அம்மா சோறு சாப்பிட மாட்டார். அப்படி இருக்கும்போது பால் குடிப்பதே கொடுமை என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எங்கள் வைக்கோல், எங்கள் தவிடு, எங்கள் எள்ளுப் பிண்ணாக்கு, இதைத் தின்று அது பால் கொடுக்கிறது, சாணி வயலுக்குப் போகிறது. இதில் எதை மாற்றச் சொல்கிறீர்கள்?

கடையை மூடு என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர் உழைக்கிறார், நன்றாக இருக்கட்டும். ஆனால் எங்களைக் குற்றவாளி ஆக்காமல் சோறு போடுங்கள்.

கமலாலயம்:
வலங்கைமான் தோழருக்கு. நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை, எங்கள் பாட்டி வீட்டிலும் அதே கதைதான். ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றையும் பேச வேண்டும் தோழர். காளைக்கன்று பிறந்தால் என்ன செய்கிறீர்கள்?

நம் பகுதியின் சொந்த மாடு உம்பளச்சேரி. கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும், வளர வளரச் சாம்பல் நிறத்துக்கு மாறும். சேற்று வயலில் உழவும் வண்டி இழுக்கவும் வளர்த்த இனம், பால் குறைவு, கன்று குடித்தது போக மீதிதான் வீட்டுக்கு. காளைக்கன்று பிறந்தால் அன்றைக்குச் சந்தோஷம், ஏர் மாடு ஆகும் என்று. டிராக்டர் வந்தது, ஜெர்சிக் கலப்பு வந்தது, இன்றைக்குக் காளைக்கன்று பிறந்தால் வீட்டில் முகம் வாடுகிறது. அது குடிக்கிற பால் நஷ்டக் கணக்கு ஆகிவிட்டது, கொஞ்ச நாளில் வியாபாரி கையில் போகிறது. கன்று செத்துப்போனால் தோலில் வைக்கோலைத் திணித்துப் பக்கத்தில் நிறுத்திப் பால் கறப்பதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், அந்தத் தாய் அதை நக்கிக்கொண்டே நிற்கும். கன்றுக்காக ஒரு பசு மணியடித்தது என்று கதை சொல்லி, மனுநீதிச் சோழன் தேரைக் கல்லிலே செதுக்கி வைத்திருக்கிற ஊர் எங்கள் திருவாரூர். அந்தக் கல்தேரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். பதில் எளிதில்லை, அது எனக்கும் தெரிகிறது. சின்ன விவசாயி இதற்குக் காரணம் இல்லை. மாட்டுக்குச் செலவாகிற காசும் பாலுக்கு வருகிற காசும் கட்டாமல் போவதுதான் காரணம்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு, மேலக்காவேரி அண்ணனைத்தான் கேட்கிறேன். சைவம் என்பதை வைத்து யார் எங்கே உட்காரலாம் என்று பிரித்த மண் இது. கீழத்தஞ்சையில் விவசாயக் கூலிகளுக்குத் தண்டனையாகச் சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்தவர்கள் வீட்டுச் சமையல் சுத்த சைவமாக இருந்திருக்கிறது. மாட்டின் மேல் இரக்கம், மனிதன் மேல் இல்லை. அதனால் ஒரு புதுச் சைவக் கடை என்றால் நான் முதலில் பார்ப்பது யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் வந்து உட்கார முடிகிறது என்பதைத்தான். வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமசாலை தொடங்கியபோது கொல்லாமையோடு பசித்த எவருக்கும் சோறு என்பதையும் சேர்த்தே வைத்தார். இரண்டும் சேர்ந்திருந்தால் நான் அந்தக் கடைக்கு வருகிறேன்.

மேலக்காவேரி:
தோழர், சரியான கேள்வி. சமைக்கிற அக்கா வீட்டில் மீன் குழம்பு வைப்பவர், அவரே சொல்லுவார். வீகன் ஆனது முதலில் அவர் கணவர்தான், ஒரு நோய்க்காக இல்லை, மாட்டுச் சந்தையில் வேலை பார்த்து மனது விட்டுப்போனதால். உதவிக்கு இருக்கிற இரண்டு பெண்களும் நடவு வேலைக்குப் போனவர்கள். மேசையில் இடம் இருக்கிற இடத்தில் யாரும் உட்காரலாம், ஆட்டோ ஓட்டுகிறவர், பாத்திரப் பட்டறையில் வேலை செய்கிறவர், கோயிலுக்கு வந்த வெளியூர்க் குடும்பம் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிடுவதை நான் பார்க்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கறி மீன் சாப்பிடுகிறவர்கள்தான். சுவரில் உபதேசப் பலகை எதுவும் கிடையாது, யாரையும் என்ன சாப்பிடுவாய் என்று கேட்பதும் கிடையாது. புரட்டாசியில் மட்டும் இடம் கிடைக்காது, ஐப்பசி பிறந்தால் பாதிக் கூட்டம் குறைந்துவிடும்.

வலங்கைமான் தம்பி, அந்தக் கடைக்காரர் உங்களைக் குற்றவாளி என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் செய்வது ஒன்றுதான், பால் இல்லாமலும் நம் சாப்பாடு நிறைவாக இருக்கும் என்று தினமும் சமைத்துக் காட்டுகிறார்.

நாகை_செவிலி:
மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும், எல்லாரும் கவனமாகப் படியுங்கள். வாரத்தில் ஒரு நாள் இந்தக் கடையில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் முழுதாக விடுகிறவர்கள் வைட்டமின் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும், அல்லது பி12 சேர்த்த உணவு சாப்பிட வேண்டும். செடி கொடியில் வருகிற உணவு எதிலும் பி12 நம்பி இருக்கிற அளவுக்குக் கிடையாது. பழைய சோற்றில் இருக்கிறது, இட்லி மாவில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இருக்காதீர்கள். குறைபாடு வந்தால் உடனே தெரியாது, உடம்பில் சேமிப்பு இருப்பதால் வருடக்கணக்கில் ஓடும். அப்புறம் கை கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, மறதி என்று நரம்பில் காட்டும். கீரை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலேட் என்கிற வைட்டமின் நன்றாக இருப்பதால், ரத்தசோகையாக வெளியே தெரியாமலே நரம்பு கெட்டுப்போகவும் கூடும். மாணவி தங்கச்சி, நீ ஒரு தடவை ரத்தத்தில் பி12 அளவு பார்த்துவிடும்மா.

கால்சியத்துக்குப் பயப்பட வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கு. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் பக்கம் இருக்கிறது, பசும்பாலில் நூறு மில்லியில் 120 அளவுதான். எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை எல்லாம் நம் வாசலில் கிடைக்கிறது. இரும்புச் சத்துக்கு ஒரு பழக்கம்: சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம், கீரையில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். தேங்காய்ப்பாலைப் பாலுக்கு ஈடு என்று குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், அதில் கொழுப்பு உண்டு, புரதம் மிகக் குறைவு. புரதம் வேண்டுமென்றால் சோயாப் பால், கடலை, பருப்பு. கைக்குழந்தை, கர்ப்பிணி என்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். கடலை ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், கடையில் அதையும் எழுதி வைத்தால் நல்லது.

பேராவூரணி_தோப்பு:
தேங்காய்ப்பால் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது எல்லாருக்கும் தெரியும். முப்பது வருட மரம் ஒரே ராத்திரியில் வேரோடு போனால் மறுபடி காய் பார்க்க எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்பது வைத்தவனுக்குத்தான் தெரியும். அப்போது நட்ட கன்றுகள் இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. எங்களுக்குத் தேங்காயை மொத்த வியாபாரிக்குக் கொடுப்பதைத் தவிர வழி குறைவு. தேங்காயைப் பாலாகவும் எண்ணெயாகவும் தினமும் வாங்குகிற சமையல்கட்டுகள் ஊருக்கு நாலு வந்தால் அது எங்களுக்கும் பிழைப்பு. வலங்கைமான் தம்பி மாட்டுக்காரர் வீட்டைச் சொன்னார், தோப்புக்காரன் வீடும் இருக்கிறது.

சமையல் விஷயத்தில் ஒன்று: முதல் பாலை விட்டதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். அந்தக் கடையில் பருப்புப் பாயசம் சாப்பிட்டேன், இரண்டாம் பாலில் பருப்பை வேகவைத்து, வெல்லம் கரைந்த பிறகு முதல் பாலை விட்டிருக்கிறார்கள், தேங்காய்ப் பல்லை எண்ணெயிலே சிவக்க வறுத்துப் போட்டிருந்தார்கள். நெய் இல்லையே என்று தோன்றவே இல்லை. ஆனால் அசோகா அல்வாவை எண்ணெயில் கிண்டுவதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். திருவையாற்றில் அதைச் சாப்பிட்ட நாக்கு ஒத்துக்கொள்ளாது. சுழியம் போடட்டும், எள்ளுருண்டை பிடிக்கட்டும், பொருள்விளங்காய் உருண்டை செய்யட்டும், எதிலும் நெய் வேண்டாம்.

டபரா_டம்ளர்:
எல்லாம் சரி, காபி? கும்பகோணத்தில் டிகிரி காபி இல்லாத கடையா? எனக்கு இதுதான் ஏற்க முடியவில்லை.

மேலக்காவேரி:
காபிக்கு அவர்கள் பசும்பாலைப் போலி செய்ய முயலவில்லை, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆரம்பத்தில் சோயாப் பால் ஊற்றிப் பார்த்தார்களாம், சூடான டிகாக்ஷன் பட்டதும் சில நாள் திரிந்து போயிற்று. கடையில் விற்கிற ஓட்ஸ் பால் வாங்கினால் ஒரு டம்ளர் காபியை இந்தத் தெருவில் யாரும் வாங்க முடியாத விலைக்கு விற்க வேண்டியிருக்கும். இப்போது கருப்பட்டி போட்ட வெறும் டிகாக்ஷன், அல்லது சுக்கு மல்லிக் காபி, இரண்டுதான். டிகாக்ஷன் தரமாக இருப்பதால் கருப்பட்டியோடு நன்றாக நிற்கிறது. டிகிரி காபி குடித்தே ஆக வேண்டும் என்றால் சாப்பிட்டுவிட்டு வேறு எங்காவது குடித்துக்கொள்ளுங்கள், அவர் ஒன்றும் சொல்லப் போவதில்லை. காபி இல்லை என்பதற்காகச் சாப்பாட்டையே ஒதுக்காதீர்கள்.

மலைக்கோட்டை_மாணவி:
செவிலி அக்கா, இந்த வாரமே பார்த்துவிடுகிறேன், நன்றி.

பெரிய நகரத்தில் ஒரு வீகன் ஓட்டலுக்கு நண்பர்கள் கூட்டிப் போனார்கள். சோயாவில் கோழி, சோயாவில் இறால், முந்திரியில் சீஸ், எல்லாம் ஏதோ ஒன்றைப் போலச் செய்தவை. சாப்பிட்டு முடித்தபோது பில் எங்கள் விடுதியின் பல நாள் சாப்பாட்டுச் செலவு. வீகன் என்றால் வசதியானவர்கள் விஷயம் என்று என் அப்பா சொல்வதற்கு இந்த மாதிரிக் கடைகள்தான் காரணம். அண்ணன் சொல்கிற கடையில் சாப்பாடு என்ன விலை?

மேலக்காவேரி:
90 ரூபாய், சாதம், குழம்பு, ரசம் எல்லாம் கேட்கிற அளவுக்கு. முந்திரியைத் தொடுவதே இல்லை, எல்லாவற்றுக்கும் கடலை, எள், தேங்காய், பருப்பு. அதனால்தான் கட்டுப்படி ஆகிறது. நீ சொன்னதைத்தான் நானும் திரும்பத் திரும்பச் சொல்ல நினைக்கிறேன் அம்மா. கோழி மாதிரி, பன்னீர் மாதிரி என்று செய்து காட்டினால் சாப்பிடுகிறவன் அசலோடு ஒப்பிட்டுக் குறைதான் கண்டுபிடிப்பான். வத்தக்குழம்பை எதோடு ஒப்பிடுவான்? அவன் பாட்டி வைத்ததோடுதான். அந்தப் போட்டியில் இந்த அக்கா ஜெயிக்கிறார்.

வலங்கைமான்_கொட்டகை:
கமலாலயம் தோழர் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். காளைக்கன்றை விற்கத்தான் செய்கிறோம். எங்கே போகிறது என்று தெரிந்துதான் விற்கிறோம். அன்றைக்கு அம்மா கொட்டகைப் பக்கம் போக மாட்டார். வைத்து வளர்க்க எங்களுக்குக் கட்டாது. உழவு மாட்டுக்கு வேலையும் கூலியும் இருந்தால் யார் விற்கப் போகிறார்கள்? நீங்களே சொன்னீர்கள், காசு கட்டவில்லை என்று. அது சரி.

மாட்டை நான் விடப் போவதில்லை. ஆனால் சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரம் இருக்கும்போதே வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோம், தை மாசியில் தெளித்தால் பங்குனி சித்திரையில் கைக்கு வரும். அறுத்த கையோடு வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கடைக்கு மாதம் எவ்வளவு பயறு, உளுந்து செலவாகும்? நேராக வாங்குவார்களா? மாப்பிள்ளைச் சம்பாவும் கொஞ்சம் போட்டிருக்கிறேன், ஆதிரெங்கம் நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் விதைகளை மீட்ட நெல் ஜெயராமன் ஐயாவிடம் எங்கள் அப்பா வாங்கிய விதையிலிருந்து வந்தது. பழைய சோற்றுக்கு அந்த அரிசி மாதிரி எதுவும் வராது.

மேலக்காவேரி:
தம்பி, நேற்று சாயங்காலமே போய்க் கேட்டுவிட்டேன். பயறும் உளுந்தும் கட்டாயம் வேண்டும், தோல் உளுந்தாகவே வாங்கிக்கொள்வார்கள், மாவுக்கு அவர்களே ஊறவைத்துத் தோல் போக்குகிறார்கள். பணம் மாதக் கடைசியில் வேண்டாம், இறக்கிய அன்றே தருகிறோம் என்று சொன்னார். மாப்பிள்ளைச் சம்பாவில் முதலில் ஒரு சிப்பம் கொண்டுவாருங்கள், பழைய சோறு போட்டுப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன் என்றார் அக்கா.

பாபநாசம்_பெரியவர்:
சனிக்கிழமை அமாவாசை வருகிறது, அதை வீட்டில் முடித்துக்கொண்டு மறுநாள் வரலாம் என்று இருக்கிறேன். பேரனும் வருகிறான். எத்தனை மணிக்கு வந்தால் அந்தக் கடலைத் தயிர் தீராமல் இருக்கும்?

மேலக்காவேரி:
ஞாயிற்றுக்கிழமை விடுமுறை ஐயா, திங்கள்கிழமை வாருங்கள். ஒரு மணிக்குள் வந்துவிட்டால் எல்லாம் இருக்கும், இரண்டு மணிக்கு மேல் உசிலியும் தயிரும் தீர்ந்துவிடும். படி ஏற வேண்டியதில்லை, வாசலை ஒட்டியே முதல் மேசை. பேரனுக்கு கடலை ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் வீட்டில் கேட்டுவிட்டுக் கூட்டி வாருங்கள். நானும் அன்றைக்கு அங்கேதான் சாப்பிடுவேன்.